மனமுவந்து

எங்கள் தெருவில் கட்சி என்றால் ஒரே கட்சிதான். அது எதிர் வீட்டு முன்னறையில் குடியிருந்தது.

அந்த வீட்டுக்காரரை எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். விவசாயிகள் கட்சியின் எங்கள் கிளைக்கு அவர்தான் தலைவர். கட்சி வருவதற்கு முன்னால் அவரும் மற்றவர்களைப் போல நெல் போட்டு, நஷ்டப்பட்டு, மறு போகமும் நெல்லே போடுகிற ஆள்தான். அவர் நிலம் இருந்தது கடைமடையில். அணையிலிருந்து வருகிற வாய்க்கால் ஊர் ஊராகக் குடித்துக்கொண்டே வந்து, மிச்சம் இருந்தால் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம் அது.

எதிரில் என் கடை. கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் தொழில். கருகிப்போன கம்பியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் கிணறெல்லாம் அடி காட்டும், மோட்டார்கள் வெறும் காற்றை இழுத்துக் கருகும், என் கடையில் கூட்டம் நெரியும். ஊர் அழுகிற வருஷம் எனக்கு நல்ல வருஷம். அதனாலேயே யார் முகத்தையும் நேராகப் பார்த்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

தலைவரின் மனைவியை நான் அக்கா என்பேன். கட்சியை நடத்தியது அவர்தான் என்று நான் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அக்காவே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தவன். முன்னறையில் பத்துப் பேர் கூடிப் பேசினால் பின்னறையில் பத்துப் பேருக்கு உலை கொதிக்கும். பேசியவர்கள் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு புரட்சிக்குப் போய்விடுவார்கள். அக்கா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வயலுக்குப் போவார். தேர்தல் வந்தால் கடைமடை முழுக்க வீடு வீடாகப் படியேறி ஓட்டுக் கேட்டதும் அவர்தான். தலைவர் மேடையில் பேசினால் கை தட்டுவார்கள். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து பேசினால் ஓட்டுப் போடுவார்கள்.

கட்சி பிறந்ததே ஒரு மதகில்தான். வாய்க்காலின் நடுவே ஒரு காகித ஆலை வரப்போகிறது, கடைமடைக்கு வருகிற தண்ணீரை அதற்குத் திருப்பப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு வந்தது. தலைவரும் ஒரு வக்கீலும் இன்னும் பலரும் மதகின்மேல் படுத்துக்கொண்டார்கள். போலீஸ் அடித்தது. அதில் தலைவரின் இடது முழங்கை நொறுங்கியது. கட்டுப் போட்டு எலும்பு கூடியும், அந்தக் கை பிறகு மடங்கவில்லை. அதற்கப்புறம் நாற்று விடுவதும் பறிப்பதும் வரப்பு வெட்டுவதும் மருந்து அடிப்பதும் அக்கா தலையில் விழுந்தன. ஒருநாளும் முணுமுணுத்தவர் இல்லை. "அவர் கை நமக்காகத்தானே போச்சு" என்பார்.

வக்கீல் அந்த அடியில் தப்பித்தார். ஆலைக்குத் தண்ணீர் விடுவது அப்போதைக்கு நின்றது, எழும்பிய ஆலை பூட்டிக் கிடந்தது. போலீஸ் போட்ட மறியல் வழக்கு முடிகிறவரை வக்கீல் மாதக்கணக்கில் எதிர் வீட்டு முன்னறையில்தான் தங்கினார். நெல் மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பாயைப் போட்டுப் படுப்பார். நல்ல பேச்சுக்காரர். "கடைசி வயலுக்கும் தண்ணி, அதுக்கப்புறம்தான் கழுத்துல கட்சித் துண்டு" என்று அவர் சொன்னால் புல்லரிக்கும். அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

எத்தனையோ தேர்தல்களில் தோற்றபின் கட்சி கூட்டணி வைத்து ஜெயித்தது. வக்கீல் மந்திரியானார். அதுவும் எந்தத் துறைக்கு? பாசனத் துறைக்கே. தலைவர் தெரு முழுக்க நடந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். என் கடைக்கு வந்தவர், "இனிமே உனக்கு வேலை குறைஞ்சிடும்டா தம்பி. வாய்க்கால்லயே தண்ணி ஓடும், எவன் மோட்டார் போடுவான்?" என்று சிரித்தார். எனக்கும் அன்றைக்கு என் பிழைப்பு போனாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

அந்த நம்பிக்கையில் கடைமடையில் ஒரு வயல் விடாமல் நாற்று விட்டார்கள். அக்கா விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைவிடச் செய்து, மாவுபோலச் சேறு கலக்கிய பாத்தியில் தூவினார். குருவி விரட்ட வரப்பில் தகர டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். கிணற்றில் ஊறுகிற கொஞ்சத் தண்ணீர் நாற்றங்காலுக்குத்தான் போதும். நடவு வயலுக்கு வாய்க்கால் வந்தாக வேண்டும். நாற்று வளர்ந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. மதகு திறக்கவில்லை.

முதலில் கரை வேலை நடக்கிறது என்றார்கள். பிறகு அணையில் அளவு பார்க்கிறார்கள் என்றார்கள். மேற்கே மேகம் திரளும், எல்லோரும் வாசலுக்கு வருவோம், புழுதிக் காற்று ஒன்று சுற்றி அடித்துவிட்டு மேகத்தையும் தள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம்தான் மதகுக் காவலர் என் கடையில் மோட்டாரை இறக்கி வைத்தபடி விஷயத்தைச் சொன்னார். மதகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்களாம். இந்தப் போகம் கடைமடைக்குத் தண்ணீர் கிடையாதாம். ஆலையில் சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டதாம்.

"எந்த ஆலை?" என்றேன்.

"எத்தனை ஆலை இருக்கு? அதேதான்."

தலைவர் நம்பவில்லை. "எதிர்க்கட்சிக்காரன் கிளப்பி விடற வதந்தி. வக்கீல் இருக்கும்போது நடக்குமா?" என்றார். ஆனாலும் மறுநாள் தலைநகருக்குக் கிளம்பினார். எனக்கும் செம்புக் கம்பி வாங்க வேண்டியிருந்தது. கூடப் போனேன்.

மந்திரியின் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சுகள். எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் உள்ளே போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெயில் சாய்ந்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

"அண்ணே!" என்று வக்கீல் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. "சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. அண்ணி எப்படி இருக்காங்க? டீ சொல்லுப்பா."

"எல்லாரும் நல்லா இருக்கோம், வக்கீலய்யா. மதகு திறக்கல."

"உக்காருங்க முதல்ல." அவரும் எதிரில் உட்கார்ந்தார். "அண்ணே, கரையில நின்னு கேக்கறது ஒண்ணு. நாற்காலியில உக்காந்து பங்கு போடறது ஒண்ணு. அங்க நமக்கு ஒரே எதிரி. இங்க எல்லாரும் கூட்டாளி. அதுதான் கஷ்டம்."

"ஆலைக்குத் தண்ணி போகக் கூடாதுன்னுதானே நாம மதகுல படுத்தோம்?"

"அது அவங்க கொண்டுவந்த ஆலை. இது நம்ம ஆட்சியில வர்ற ஆலை."

தலைவர் அவர் முகத்தையே பார்த்தார். வக்கீல் வேடிக்கைக்காகச் சொல்கிறாரா என்று தேடுவதுபோல இருந்தது. வக்கீல் சிரிக்கவில்லை.

"ஒரு போகம், அண்ணே. ஒரே ஒரு போகம். கூட்டணியில எங்க கழுத்தைப் பிடிக்கறாங்க. ஆலைத் திறப்பு விழாவுல கடைமடை விவசாயிங்களே மனமுவந்து தண்ணியை விட்டுக்கொடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை வந்துட்டா போதும், எவனும் வாயைத் திறக்க முடியாது. வேற யார் சொன்னாலும் ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க. நீங்க சொன்னா ஏத்துக்குவாங்க. உங்க கைக்கு அந்த மரியாதை இருக்கு."

"நாத்து விட்டாச்சே, வக்கீலய்யா."

"நாத்துதானே, அண்ணே."

டீ வந்தது. குடித்தோம். இன்னொரு விஷயமும் சொன்னார்: பாசன வாரியத்தில் தலைவரை உறுப்பினராகப் போடப் போகிறார்களாம்.  அது தலைவர் காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகம். பதவிக்கு ஆசைப்படுகிற ஆள் அவர் இல்லை. அவருடைய வியாதி வேறு. பேருந்தில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே, "கட்சி இப்பதான் நிமிர்ந்து நிக்குது. இந்த நேரத்துல நாமளே காலை வாரி விட்டா எப்படிடா?" என்றார். அவர் என்னிடம் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவின் கிணற்றில் மோட்டாரைத் தூக்கி இன்னும் ஆழத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா நாற்றங்காலில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தலைவர் வரப்பில் நின்று நடந்ததைச் சொன்னார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"நாத்துதானேன்னு சொன்னாரா?" என்றார் அக்கா, நிமிராமல்.

"பேச்சுவாக்குல வந்துடுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல?"

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சோம்."

"ம்." அக்கா பிடுங்கிய களையை வரப்பில் உதறிப் போட்டார். "நம்ம வீட்டுல இருந்தப்ப ராத்திரி பூரா மழை அடிச்சு நாத்தங்கால் முழுகிப்போச்சே, ஞாபகம் இருக்கா? நான் வெறும் கையால சேத்தை வழிச்சு வழிச்சுத் தண்ணியை வடிச்சேன். இதே வக்கீல்தான் வரப்புல நின்னு விளக்குப் பிடிச்சாரு. 'அண்ணி, பிள்ளையைக் காப்பாத்தற மாதிரி காப்பாத்தறீங்களே'ன்னு அழுதாரு. அப்ப அது பிள்ளை. இப்ப நாத்துதானே."

"ஆட்சின்னா சில சங்கடம் இருக்கும்டி. கட்சி கவிழ்ந்தா நமக்குன்னு யாரு இருக்கா?"

"இப்ப யாரு இருக்கா?"

தலைவருக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன தெரியும்? அடி வாங்கினவன் நான். இந்தக் கையை வச்சுக் கட்டின கட்சி இது. என் கையாலயே அதை உடைக்கச் சொல்றியா?"

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தார். சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "உங்க கை ஒருநாள் போச்சு. அதுக்கப்புறம் தினம் தினம் உங்க கைக்குப் பதிலா வேலை செய்யற கை யாரோடது? அதை யாராச்சும் போஸ்டர்ல போட்டாங்களா? நான் கேட்டேனா? கேக்கல. ஏன் கேக்கல? கடைசி வயலுக்குத் தண்ணி வரும்னு நம்பினேன். தண்ணியும் இல்லைன்னா நான் எதுக்கு இத்தனை பேருக்கு ஆக்கிப் போட்டேன், சொல்லுங்க. கட்சின்னு ஒண்ணு இருக்கட்டும்னா? நிழலுக்கா?"

தலைவர் திரும்பி வரப்பில் நடந்து போனார். அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, மோட்டார் தண்ணிக்கு எட்டுதா?" என்றார். எட்டுகிறது என்றேன். அரை மணி நேரம் ஓட்டினால் காற்று வாங்கும் என்பதையும் சொன்னேன். "அரை மணி போதும்" என்றவர் மறுபடி குனிந்துகொண்டார்.

ஆலைத் திறப்பு விழாவுக்குப் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். மேல்மடைக்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாது, கைதட்டுவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்? கடைமடை ஜனங்கள் பின்னால் வெயிலில் நின்றார்கள். அக்கா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வந்திருந்தார். வெளுத்த புடவையில், கூட நாலைந்து பெண்களோடு, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல வார்த்தை ஏதாவது காதில் விழும் என்று அவருக்குக் கடைசிவரை ஒரு நைப்பாசை இருந்திருக்க வேண்டும். எனக்கும் இருந்தது.

தலைவரைப் பேசக் கூப்பிட்டார்கள். யாரோ எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பிரித்து, மடங்காத கையை மைக் கம்பியின்மேல் சாய்த்துக்கொண்டு படித்தார். நாட்டின் வளர்ச்சியைக் கருதி, கடைமடை விவசாயிகளாகிய நாங்கள் ஒரு போகத் தண்ணீரை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறோம். ஒரு எழுத்துத் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. திக்கியிருந்தாலாவது, இருமியிருந்தாலாவது, மனுஷன் தவித்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். மழை பெய்யும் என்று ரேடியோவில் படிக்கிறவரைப்போலப் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பந்தல் கைதட்டியது. வக்கீல் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

பின்னால் நின்றவர்கள் கத்தவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடம், "அவரே சொல்லிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கா வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. கரையேறி மதகை நோக்கி நடந்தார். பால் ஊற்றுகிற பாலம்மா கூடவே போனார். கைக்குழந்தையோடு இருந்த தையல்காரப் பெண் போனாள். பார்க்கப் பார்க்க வரிசை நீண்டது, நானும் பின்னால் போனேன். கூப்பிட்டவர் யாரும் இல்லை. கோஷமும் இல்லை. காலடிச் சத்தமும் குழந்தை அழுகிற சத்தமும்தான்.

மதகுக் காவலர் குறுக்கே நின்றார். "அம்மா, என் வேலை போயிடும்" என்றார்.

"அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. எங்க வேலை போயிடுச்சு" என்றார் அக்கா.

அவர் திரும்பி நிற்கவில்லை. ஆனால் காவல் அறையில் சாத்தி வைத்திருந்த கடப்பாரையை ஒரு தரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா அதை எடுத்துச் சங்கிலியில் கோத்து நெம்பினார். அசையவில்லை. இன்னும் மூன்று பேர் சேர்ந்து தொங்கினார்கள். பூட்டுத் தெறித்தது. சக்கரத்தை ஆளாளுக்கு மாறி மாறிச் சுற்ற, மதகுப் பலகை முனகிக்கொண்டே ஏறி, அடியில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு கடைமடைப் பக்கம் ஓடியது. வறண்ட மண்ணில் தண்ணீர் ஏறும்போது ஒரு வாசனை வரும். அந்த வாசனையை வாங்கிக்கொண்டு எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

போலீஸ் வருவதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பந்தோபஸ்துக்குப் பந்தலிலேயே இருந்தார்கள் அல்லவா. முதலில் பலகையை இறக்கினார்கள். பிறகு பெண்களை வண்டியில் ஏற்றினார்கள். ஏற மறுத்த பாலம்மாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். முன்னொரு காலத்தில் எங்களை அடித்த போலீஸுக்கு வேறொரு கட்சியின் மந்திரி உத்தரவு போட்டார். இந்த உத்தரவு எங்கள் தெருவில் பாய் போட்டுப் படுத்த மனுஷனிடமிருந்து வந்தது. நாங்கள் ஓட்டுப் போட்டு வாங்கிய லத்தி.

தலைவர் காவல் நிலையத்துக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நான் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டேன். பெண்கள் உள்ளே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து தலைவருக்கு நாற்காலி போட்டார்.

"மந்திரியே போன் பண்ணிட்டாரு, தலைவரே. உங்க வீட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. கேஸ்ல பேரைச் சேக்கல."

தலைவர் உள்ளே பார்த்து, "வா, போகலாம்" என்றார்.

"இவங்க?" என்றார் அக்கா.

"இவங்களுக்கும் பேசறேன். முதல்ல நீ வா."

"நான் யார் வீட்டு அம்மாவும் இல்லைங்க சார்," அக்கா இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "பூட்டை உடைச்சவ. கடப்பாரையை முதல்ல தொட்டவ. என் பேர் இல்லாம கேஸ் எப்படி நிக்கும்? எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் தர்மசங்கடமாக நெளிந்தார். வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "சரிம்மா. எல்லாரையும் விட்டுடறோம். தெரியாம செஞ்சுட்டோம், மன்னிச்சுடுங்கன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னாப் போதும். நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும்."

உள்ளே எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். தையல்காரப் பெண்ணின் குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. பாலம்மா தலையைக் கையால் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ஒரு வார்த்தை. அக்கா குழந்தையையும் பாலம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவர் மெதுவாக, "சொல்லிடு. சொல்றதுல என்ன?" என்றார்.

அதுதான் அவரைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். அக்கா எழுந்தார்.

"சொல்றேன். மன்னிப்புக் கேக்கறேன். நான் கேக்க வேண்டியது நிறைய இருக்கு." இன்ஸ்பெக்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுப் படியெல்லாம் ஏறினது நான்தான். பாலம்மா, நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்க. எல்லாரும் ஒரே மாதிரிதான்னு சொன்னீங்க. உங்க அடுப்படியில உக்காந்து நான்தான் வாதாடினேன். நம்ம கட்சி, நம்ம ஆளு, நம்ம வீட்டுச் சோறு தின்னவன்னு சொன்னேன். கைப்பிள்ளைக்காரி, உனக்கு அப்ப கல்யாணம் ஆன புதுசு, உன் புருஷன் கிட்டயும் பேசி உன்னை ஓட்டுச் சாவடிக்குக் கூட்டிட்டுப் போனேன்டி. உங்க யாருக்கும் நான் கெட்டது நினைக்கல. ஆனா உங்களைக் கொண்டு போய் விட்ட இடம் இது."  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுடுங்க. அவ்வளவுதான் சார். வேற யாருகிட்டயும் எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"இதை யாரும்மா கேட்டது?" என்றார் இன்ஸ்பெக்டர் எரிச்சலாக.

"இதைத்தான் கேட்டிருக்கணும்" என்றார் பாலம்மா சுவரில் சாய்ந்தபடியே. "உக்காரு. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. பசிக்குது, அதுதான்."

தையல்காரப் பெண் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். குழந்தைக்காரியை மட்டுமாவது அனுப்புங்கள் என்று அக்கா விடாமல் சண்டை போட்டு, அவளை எந்த மன்னிப்பும் இல்லாமல் வெளியே அனுப்ப வைத்தார்.

தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

"இங்க நிக்காதீங்க," என்றார் அக்கா. "மாடு காலையிலேருந்து கட்டிக் கிடக்குது. போய்த் தண்ணி காட்டுங்க."

வராந்தாவில் நின்று தலைவர் வக்கீலுக்குப் போன் போட்டார். யாரோ உதவியாளர் எடுத்தார். "நான் இன்னைக்குப் படிச்சது பொய்னு அவருகிட்ட சொல்லுங்க. மனமுவந்து யாரும் குடுக்கல. நான் நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்னு சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் ஜாமீன் கிடைத்தது. பாலம்மாவை முடியைப் பிடித்து இழுக்கிற படம் பத்திரிகைகளில் வந்திருந்தது. அதற்குப் பயந்தோ என்னவோ, ஒரு வாரம் கழித்து மதகைத் திறந்தார்கள். அதுவும் முழுசாக இல்லை, பாதிதான். அதற்குள் ஊரெங்கும் போஸ்டர்: கடைமடை கண்ணீர் துடைத்த பாசன மந்திரிக்கு நன்றி. வக்கீல் கும்பிட்டபடி நின்றார். நான் அதைக் கிழித்தேன். மறுநாளும் ஒட்டினார்கள். மறுநாளும் கிழித்தேன்.

நாற்று முற்றிப் போயிருந்தது. தண்டில் கணு விட்டுவிட்டது. பல பேர் அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். பச்சை நாற்றை மாடு தின்கிற சத்தம் கேட்கச் சகிக்காது. அக்கா மட்டும் நுனியைக் கிள்ளிவிட்டு, குத்துக்கு நாலைந்தாகச் சேர்த்து நட்டார். பாதி விளைந்தால் பாதியாவது மிஞ்சும் என்றார். பாதிகூட வரவில்லை என்பதை அறுவடையில் பார்த்தோம்.

தலைவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். கட்சிக்கு விரோதமான நடவடிக்கையாம். முன்னறையிலிருந்த கட்சி நாற்காலிகளை ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் தடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததை நான் சொல்லியாக வேண்டும். கடைமடையில் ஒவ்வொரு வீடாகப் போனார். வாசலில் நின்று, "நான் மேடையில சொன்னது பொய். உங்க தண்ணியை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. தப்புப் பண்ணிட்டேன்" என்று சொன்னார். சில வீட்டில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நாற்று முழுவதையும் மாட்டுக்குப் போட்ட ஒருவர் தெருவே கூடும்படி கெட்ட வார்த்தைகளால் திட்டினார். தலைவர் திட்டு முடிகிறவரை நின்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அக்கா கூடப் போகவில்லை. "பேசினது நீங்க. போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் சோறு போட்டார், ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் தலைவர் களைத்துப்போய் வந்து தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அக்கா மாட்டுக்கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் கடையில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எல்லா வீட்டுக்கும் போயாச்சா?" என்றார் அக்கா.

"ஆச்சு."

"ஒரு வீடு பாக்கி."

தலைவர் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பதுபோல யோசித்தார். பிறகு புரிந்தது. எழுந்தார். தெருவில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டுக்கு எதிரே, வேற்று வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றார். நின்று, முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் சொன்ன அதே வார்த்தைகள்தான். ஆனால் இங்கே திக்கினார். 'உரிமை' என்ற இடத்தில் குரல் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

அக்கா துடைப்பத்தைக் கீழே போடாமலே கேட்டார். 

"அடுத்த போகத்துக்கும் பூட்டுவாங்க," என்றார். "ஒரு தடவை ருசி கண்டாச்சு. சும்மா இருக்க மாட்டாங்க. நாங்க மறுபடி போவோம்."

"நானும் வர்றேன்."

"முன்னாடியா, பின்னாடியா?"

தலைவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஊரில் யாரும் அவரிடம் இதுவரை கேட்காத கேள்வி அது. கம்பி சுற்றிக்கொண்டிருந்த என் கையும் நின்றுவிட்டது.

"நீ சொல்ற இடத்துல."

"அப்ப பின்னாடி வாங்க," என்றார் அக்கா. "கொஞ்ச காலத்துக்குப் பின்னாடியே வாங்க."

சொல்லிவிட்டு, சாணிக்கூடையை எடுக்கக் குனிந்தார். தலைவர் தெருவிலிருந்து வந்து அதன் மறுபக்கத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டார்.